புது சிம், புதுப் போர்டிங்: கொழும்பில் உங்கள் தொடர்புகளை யார் குறித்து வைக்கிறார்கள்?

கொழும்பில் அறை தேடி வரும் பிள்ளையிடம் வீட்டுக்கார அம்மா முதல் நாளே இரண்டைக் கேட்பார்: முற்பணம், அடையாள அட்டையின் போட்டோகொப்பி. “பொலிஸ் பதிவுக்குக் குடுக்கோணும் தம்பி, குறை நினையாதேங்கோ” என்றும் சொல்லுவார். 2007 ஜூன் 7 ஆம் திகதி வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைப் பக்கத்து லொட்ஜுகளில் தங்கியிருந்த தமிழர்களை பஸ்ஸில் ஏற்றி வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பியதையும், அடுத்த நாளே உயர் நீதிமன்றம் அதை நிறுத்தியதையும் பார்த்த தலைமுறை இன்னும் இங்கே இருக்கிறது. ஆகவே யார் எங்கே தங்குகிறார் என்ற பட்டியல் என்றாலே எங்கள் ஆட்கள் ஒரு நிமிடம் யோசிப்பார்கள்.

ஆனால் அதே பிள்ளை பின்னேரம் காலி வீதிக்கு இறங்கி, ஒரு கொமினிகேஷனில் (ரீலோட், பிரிண்ட், போட்டோகொப்பிக் கடை) அடையாள அட்டையை நீட்டி சிம் வாங்கும்போது யாரும் யோசிப்பதில்லை. பொலிஸ் பதிவில் இருப்பது பெயரும் விலாசமும்தான். சிம் திறந்த நிமிடத்திலிருந்து எழுதப்படும் கணக்கில் நீங்கள் போகும் இடம், பேசும் ஆள், பேசும் நேரம் எல்லாம் சேரும். பல்கலைக்கழகத்துக்கோ வேலைக்கோ முதல்முறை கொழும்புக்கு வந்திருப்பவர்கள் அந்தக் கணக்கை விளங்கிக்கொள்ளவும், முடிந்த அளவுக்குத் தங்கள் கையில் வைத்திருக்கவும்தான் இதை எழுதுகிறேன். ஒளிந்து வாழும் வித்தை எதுவும் இதில் இல்லை.

முதலில், எதைத்தான் குறித்து வைக்கிறார்கள்?

“நான் பேசுவதை ஒட்டுக் கேட்கிறார்களா?” என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். என்னைக் கேட்டால் அது இரண்டாவது கேள்வி. உங்கள் சேவை நிறுவனம் தன் வியாபாரத்துக்காகவே எழுதிக்கொள்வது அழைப்பு விவரப் பதிவு. எந்த இலக்கம் எந்த இலக்கத்தை எத்தனை மணிக்கு எடுத்தது, எவ்வளவு நேரம் பேசியது, எந்தக் கோபுரத்தின் கீழிருந்து, எந்தக் கருவியில் என்பதெல்லாம் அதில் இருக்கும். உங்கள் போனில் *#06# அடித்துப் பாருங்கள். வருகிற 15 இலக்க எண்தான் அந்தக் கருவியின் அடையாளம். சிம்மை மாற்றினாலும் இந்த எண் மாறாது. டேட்டா பாவிக்கும்போது எப்போது இணைந்தீர்கள், எவ்வளவு பாவித்தீர்கள், எந்த ஐபி முகவரி (இணையத்தில் உங்கள் இணைப்பைக் காட்டும் எண்) தரப்பட்டது என்பவையும் சேரும். பலர் ஒரே பொது முகவரியைப் பகிர்வதால், யார் எது என்று பிறகு பிரித்தறிய நேரத்தையும், ஒவ்வொரு இணைப்பையும் பிரித்துக் காட்டும் போர்ட் எண்ணையும் சேர்த்துக் குறித்தால்தான் நிறுவனத்துக்கே சரிவரும்.

இதில் ஒரு சொல்கூட நீங்கள் பேசியது இல்லை. “பிறகென்ன?” என்று கேட்பவர்களுக்காக ஒரு திங்கட்கிழமையைக் கற்பனை செய்து எழுதிக் காட்டுகிறேன். காலை 7.40, வெள்ளவத்தைக் கோபுரம். 9.15, மஹரகம. 11.50, அங்கிருந்தே யாழ்ப்பாணத்து இலக்கம் ஒன்றுக்கு 42 நிமிடம். பின்னேரம் 3.05, ஒரு நகை அடகுக் கடைக்கு 3 நிமிடம். இரவு 9 மணிக்கு அதே யாழ்ப்பாணத்து இலக்கம், இந்த முறை ஒன்றேகால் மணித்தியாலம். மஹரகமவில் புற்றுநோய் மருத்துவமனை இருப்பது இலங்கையில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஒரு சொல் கேட்காமலே அந்த வீட்டில் என்ன நடக்கிறது என்று உங்களுக்கு விளங்கிவிட்டதல்லவா?

ஜேர்மனியில் ஒருவர் இதை மெய்யாகவே செய்து காட்டினார். பசுமைக் கட்சி அரசியல்வாதியான மால்ட்டே ஸ்பிட்ஸ், தன்னைப் பற்றித் தன் தொலைபேசி நிறுவனம் ஆறு மாதம் சேமித்தவற்றைக் கேட்டு வாங்கினார். 35,000 வரிகளுக்கு மேல் இருந்தன. 2011 இல் ஒரு பத்திரிகையின் இணையத்தளம் அதை வரைபடமாகப் போட்டபோது, அவர் எந்த ரயிலில் போனார், எந்த நகரத்தில் தூங்கினார் என்பதைப் பார்ப்பவர்கள் நிமிடக் கணக்கில் பின்தொடரக் கூடியதாக இருந்தது.

அப்படிச் சேமித்தே ஆகவேண்டும் என்று நிறுவனங்களைக் கட்டாயப்படுத்தியது ஐரோப்பிய ஒன்றியத்தின் 2006 ஆம் ஆண்டுப் பணிப்புரை. ஆறு மாதம் முதல் இரண்டு வருடம் வரை, சந்தேக நபர் என்றில்லாமல் எல்லோருடையதையும் வைத்திருக்கச் சொன்னது. 2014 ஏப்ரல் 8 அன்று ஐரோப்பிய நீதிமன்றம் அதைச் செல்லாதென்றது. பிரிட்டனிலோ 2008 இல் எல்லாவற்றையும் ஒரே மத்திய தரவுத்தளத்தில் கொட்டும் யோசனை வந்து, எதிர்ப்பில் கைவிடப்பட்டது. பிறகு மத்திய தரவுத்தளம் இல்லாமல், நிறுவனங்களையே சேமிக்க வைக்கும் வடிவில் வேறு வேறு பெயர்களில் திரும்பத் திரும்ப வந்து, 2016 சட்டத்தில் உட்கார்ந்துகொண்டது. லண்டனில் இருக்கும் உங்கள் சித்தப்பா எந்தெந்தத் தளத்துடன் இணைந்தார் என்ற பதிவை 12 மாதம் வரை வைத்திருக்குமாறு அங்குள்ள நிறுவனத்துக்கு இன்று ஆணையிடலாம். அவுஸ்திரேலியாவில் 2015 முதல் இரண்டு வருடம். இந்தியாவில் 2022 இல் விபிஎன் (உங்கள் இணையத் தொடர்பை இன்னொரு சேர்வர் வழியாக மறைத்து அனுப்பும் சேவை) நடத்துபவர்களையே வாடிக்கையாளர் விவரங்களை ஐந்து வருடம் வைத்திருக்கச் சொன்னார்கள். சில பெரிய விபிஎன் நிறுவனங்கள் அங்கிருந்த தங்கள் சேர்வர்களைக் கழற்றிக்கொண்டு போயின.

நம் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது?

2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டத்தைக் கையில் எடுங்கள். அதில் உள்ளது ‘எல்லோருடையதையும் சேர்த்து வை’ என்ற கட்டளை அல்ல. ‘இன்னாருடையதை அழிக்காதே’ என்ற கட்டளை. விசாரணைக்குத் தேவையான தகவல் அழிந்துவிடும் என்று கண்டால், ஏழு நாளுக்கு மேற்படாமல் அதைப் பாதுகாக்கச் சொல்லி அறிவித்தல் கொடுக்கலாம். நீதவானிடம் போனால் மொத்தம் 90 நாள் வரை நீட்டலாம். வாடிக்கையாளர் விவரம், தொடர்புத் தரவு ஆகியவற்றைப் பெறவும், தொடர்பை இடைமறிக்கவும் நீதவானின் ஆணை வேண்டும். அவசரம், சாட்சியம் அழியும் அபாயம், இரகசியம் காக்கும் தேவை என்றால் ஆணையில்லாமலும் செய்யலாம் என்று ஒரு கதவும் திறந்திருக்கிறது. கதவின் அகலம்தான் என் கவலை.

1991 ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புகள் சட்டத்தின்படி, தொலைத்தொடர்பு ஊழியர் அதிகாரமில்லாமல் உங்கள் செய்திக்குள் மூக்கை நுழைப்பது குற்றம். 2022 இல் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. உங்களைப் பற்றி ஒரு நிறுவனம் வைத்திருப்பதைக் கேட்டுப் பார்க்கவும், பிழையைத் திருத்தவும், சில வேளைகளில் அழிக்கச் சொல்லவும் உரிமை தருவது இதுதான். அந்தப் பகுதிகள் 2025 மார்ச் 18 இல் அமுலுக்கு வரவிருந்தன. கடைசி வாரத்தில் தள்ளிப்போட்டார்கள். தள்ளிப்போடப்படாமல் மளமளவென்று நடந்தது, இணையத்தில் போடுபவற்றைக் கட்டுப்படுத்தும் நிகழ்நிலைக் காப்புச் சட்டம். 2024 ஜனவரி 24 இல் வாக்கெடுப்பு, பெப்ரவரி முதலாம் திகதி சபாநாயகரின் கையொப்பம். எதற்கு அவசரம், எதற்கு ஆறுதல் என்பதைப் பார்த்தாலே பாதி விஷயம் விளங்கிவிடும்.

சரி, இனி வேலைக்கு வருவோம்.

படி 1: உங்கள் பெயரில் எத்தனை சிம் இருக்கிறது என்று பாருங்கள்

இதை இன்றைக்கே செய்யுங்கள். #132# அடித்தால், கையில் உள்ள சிம் யாருடைய அடையாள அட்டையில் பதிவாகியிருக்கிறது என்று பார்க்கலாம். அது போதாவிட்டால் நிறுவனத்தின் கிளைக்கே அட்டையோடு போய், “என் இலக்கத்தில் எத்தனை இணைப்பு இருக்கிறது, பட்டியலைத் தாருங்கள்” என்று கேளுங்கள். உங்களுக்குத் தெரியாத இலக்கம் ஒன்று இருந்தால் அங்கேயே நின்று துண்டிக்கச் சொல்லுங்கள். எழுத்தில் கொடுங்கள், பிரதி ஒன்றில் முத்திரை வாங்குங்கள். அந்த இலக்கத்திலிருந்து யாராவது ஏதாவது செய்தால், கணக்கில் எழுதப்படுவது உங்கள் பெயர்.

நண்பனின் பெயரில் உள்ள சிம்மைப் பாவிப்பதும் இதே தலையிடிதான். ஊரிலிருந்து வந்த புதிதில் அறைக்காரப் பெடியன் ஒருவன் “என்னட்ட ஒண்டு சும்மா கிடக்கு, எடு மச்சான்” என்று தருவான். வாங்காதீர்கள். அவனுடைய நன்மைக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

நான் முதலில் வாங்கிய இலக்கம் அதற்கு முன்னர் வேறொருவரிடம் இருந்தது. வாங்கி மூன்றாம் நாள் ஒரு லீசிங் நிறுவனத்திலிருந்து அழைப்பு: ஆட்டோவின் தவணை நாலு மாதமாக நிற்கிறதாம். நான் ஆட்டோவே வைத்திருக்கவில்லை என்றால் அவர்கள் நம்பவில்லை. தன் அம்மாவின் மருந்துச் சிட்டையை வட்ஸ்அப்பில் அனுப்பிய ஒரு பெண்ணுக்கு, நான் அவருடைய அண்ணன் இல்லை என்று விளங்கப்படுத்தப் பத்து நிமிடம் போனது. கைவிடப்பட்ட இலக்கம் கொஞ்சக் காலத்தில் இன்னொருவருக்கு விற்கப்படும். ஆகவே பழைய சிம்மைத் தூக்கிப்போட முன்னர் வங்கி, கூகுள், வட்ஸ்அப், பேஸ்புக் எல்லாவற்றிலிருந்தும் அந்த இலக்கத்தைக் கழற்றுங்கள். ரீலோட் போடாமல் சும்மா விட்டுவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள்.

படி 2: கொமினிகேஷனில் விட்டு வருவதைக் குறையுங்கள்

அரசாங்கம் என்ன சேமிக்கிறது என்று கூட்டம் போட்டுக் கதைக்கிறோம். காலி வீதிக் கடைக் கம்பியூட்டரில் கிடப்பதை யாரும் கதைப்பதில்லை. ஒரு நாள் விண்ணப்பம் ஒன்றைப் பிரிண்ட் எடுக்கப் போனேன். கடைத் தம்பி வேலையாக இருந்ததால் “நீங்களே எடுங்கோ அண்ணை” என்றான். டவுன்லோட் பெட்டியைத் திறந்தேன். அடையாள அட்டைகளின் இரண்டு பக்கமும், வங்கிப் புத்தகங்கள், ஒரு பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், யாரோ ஒருவரின் கடவுச்சீட்டு, வரிசையாக. கீழே இறங்கிப் போனால், ஆறு மாதத்துக்கு முதல் நான் அனுப்பிய என்னுடைய அட்டையும் அப்படியே சிரித்துக்கொண்டு கிடக்கிறது.

அதற்குப் பிறகு நான் செய்வது இதுதான். பிரிண்ட் முடிந்ததும் அந்தக் கோப்பை அழிக்கச் சொல்லி, குப்பைத் தொட்டியையும் காலி செய்யும்வரை நிற்பேன். வெட்கப்பட ஒன்றுமில்லை, கடைக்காரர்கள் பெரும்பாலும் செய்து தருவார்கள். அடையாள அட்டைப் பிரதியின் குறுக்கே, எழுத்துகளை மறைக்காமல், “சிம் பதிவுக்கு மட்டும்” என்று எழுதித் திகதி போடுவேன். போர்டிங்குக்குக் கொடுத்தால் “வாடகைப் பதிவுக்கு மட்டும்”. கடைக் கம்பியூட்டரில் வட்ஸ்அப்பைத் திறந்திருந்தால், வெளியே வந்ததும் போனில் ‘இணைக்கப்பட்ட கருவிகள்’ என்ற இடத்துக்குப் போய்த் துண்டித்துவிடுங்கள். எத்தனையோ பேரின் கணக்கு இன்னமும் ஏதோ ஒரு கடையில் திறந்தபடி இருக்கிறது.

படி 3: போர்டிங் வைபை

இணைப்பு வீட்டுக்கார அம்மாவின் பெயரில். ஆறு பிள்ளைகள் பாவிக்கிறார்கள். அந்த இணைப்பிலிருந்து யாராவது பிரச்சினையான ஒன்றைப் போட்டால், நிறுவனத்தின் பதிவு காட்டுவது அம்மாவின் பெயரை. விசாரணை வந்தால் அவர் காட்டப்போவது உங்கள் ஆறு பேரை. ரவுட்டரின் கடவுச்சொல் அது வந்த நாளிலிருந்து மாறாமல் அடியில் ஒட்டிய ஸ்டிக்கரிலேயே இருந்தால், பக்கத்து மாடிக்காரனும் ஏழாவது ஆளாக இருக்கலாம். அம்மாவிடம் கேட்டு மாற்றிக் கொடுங்கள். ஒரு பிளேன்டீயும் கிடைக்கும்.

படி 4: போனுக்குள்

வட்ஸ்அப் 2016 முதல் செய்திகளை இரு முனைகளுக்கிடையே பூட்டி அனுப்புகிறது. நடுவில் உள்ள நிறுவனம் உள்ளடக்கத்தைப் பார்க்க முடியாது. ஆனால் பலர் கவனிக்காத ஓட்டை பெக்கப். கூகுள் டிரைவுக்கோ ஐகிளவுட்டுக்கோ போகும் பிரதி தானாகப் பூட்டப்படுவதில்லை, நீங்கள்தான் அமைப்பில் போய் ‘முழு மறையாக்கம்’ என்பதைத் தொட வேண்டும். அந்தக் கடவுச்சொல்லைக் கொப்பியில் எழுதி வையுங்கள், மறந்தால் பழைய செய்தி எல்லாம் போச்சு. கூடவே இரு படிச் சரிபார்ப்பையும் போட்டுவிடுங்கள்.

டெலிகிராமைப் பலர் இரகசியமானது என்று நம்புகிறார்கள். அதில் சாதாரண அரட்டை அப்படிப் பூட்டப்படுவதில்லை, ‘சீக்ரெட் சட்’ என்று தனியாகத் திறந்தால்தான் உண்டு. எஸ்எம்எஸும் சாதாரண அழைப்பும் நிறுவனத்துக்குத் திறந்த தபாலட்டை மாதிரி. சிக்னல் என்ற செய்திச் செயலி பற்றி ஒன்று சொல்லலாம். 2016 இல் அமெரிக்காவின் வேர்ஜீனியாவில் ஒரு விசாரணைக்காக அவர்களிடம் தகவல் கேட்டபோது, கொடுக்க இருந்தவை இரண்டே இரண்டு: கணக்குத் திறந்த நேரம், கடைசியாக இணைந்த நாள். சேமிக்காத ஒன்றை யாரும் கேட்டு வாங்க முடியாது. ஊரில் உள்ள அம்மாவுக்கு சிக்னல் பழக்குவது தனிக்கதை. அதைக் கட்டாயப்படுத்தி வீட்டில் சண்டை பிடிக்காதீர்கள்.

இணையத்தளங்களைப் பார்க்கும்போது பூட்டுக்குறி இருந்தால் நீங்கள் எழுதுவது மறைந்திருக்கும். எந்தத் தளத்துக்குப் போகிறீர்கள் என்ற பெயர் மறைந்திருக்காது. அன்ட்ரொய்ட் 9 உம் அதற்குப் பிந்தியதும் உள்ள போன்களில் நெட்வேர்க் அமைப்புக்குள் ‘பிரைவேட் டிஎன்எஸ்’ என்று ஒன்று உண்டு. அதில் கூகுளின் அல்லது கிளவுட்ஃபிளேரின் டிஎன்எஸ் பெயரைப் போட்டால், தளப்பெயரைத் தேடும் கேள்வி நிறுவனத்தின் கண்ணில் படாமல் அவர்களிடம் போகும். நம்பிக்கையை ஒருவரிடமிருந்து எடுத்து இன்னொருவரிடம் கொடுக்கிறீர்கள், அவ்வளவுதான்.

விபிஎன்னும் அப்படித்தான். 2018 மார்ச்சில் திகன வன்முறைக்குப் பிறகு பேஸ்புக், வட்ஸ்அப், வைபர் முடக்கப்பட்டபோதுதான் எங்களில் பலருக்கு அந்தச் சொல்லே தெரிந்தது. 2019 ஏப்ரல் 21 குண்டுவெடிப்புக்குப் பின்னர் மறுபடியும். 2022 ஏப்ரல் 3 அன்று, போராட்டக் காலத்தில், ஒரு நாள்கூட நிற்காத முடக்கம். ஒவ்வொரு தடவையும் கையில் கிடைத்த இலவச விபிஎன்னை எல்லோரும் போட்டோம். விபிஎன் பாவித்தால் உங்கள் நிறுவனம் காண்பது, நீங்கள் ஒரு விபிஎன்னுடன் இணைந்தீர்கள் என்பதை மட்டும். மற்றதெல்லாம் விபிஎன் நடத்துபவரின் கண்முன்னே. காசு வாங்காமல் அவர் ஏன் சேர்வருக்குச் செலவழிக்கிறார் என்று யோசியுங்கள். கட்டணம் கட்ட முடியாவிட்டால், தெரியாத இலவச விபிஎன்னை விட ஒன்றும் இல்லாமல் இருப்பது நல்லது என்பது என் அபிப்பிராயம். அப்புறம், அழைப்பு விவரத்தையும் கோபுரப் பதிவையும் எந்த விபிஎன்னும் மறைக்காது.

படி 5: யாராவது போனைக் கேட்டால்

விசாரணைக்கு உதவ வேண்டிய கடமை கணினிக் குற்றங்கள் சட்டத்திலேயே இருக்கிறது. ஆகவே மறுத்து நின்று மல்லுக்கட்டச் சொல்லவில்லை. கேள்வி கேட்கலாம், அது உங்கள் உரிமை. உத்தியோகத்தரின் பெயர், பதவி, நிலையம். எந்தச் சட்டத்தின் கீழ்? நீதவானின் ஆணை இருக்கிறதா, பார்க்கலாமா? கணினிக் குற்றங்கள் சட்டத்தின் கீழ் போனை எடுத்தால், எடுத்த பொருட்களின் முழுப் பட்டியலையும் நேரம், திகதியோடு தர வேண்டும். அது கையில் வராமல் அந்த இடத்தை விட்டு நகராதீர்கள்.

வாக்குமூலம் சிங்களத்தில் எழுதப்பட்டு, உங்களுக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியாவிட்டால், கையெழுத்து வைக்க முன்னர் தமிழில் பதியச் சொல்லுங்கள். முடியாது என்றால், மொழிபெயர்த்து வாசித்துக் காட்டியதாக அதிலேயே எழுதச் சொல்லுங்கள். பயங்கரவாதத் தடைச் சட்டம் என்ற பேச்சு எழுந்தால் தனியாக எங்கும் போகாதீர்கள். 1979 இல் ‘தற்காலிக ஏற்பாடுகள்’ என்று வந்த சட்டம் அது. வீட்டுக்கும் ஒரு சட்டத்தரணிக்கும் உடனே சொல்லுங்கள். காசில்லை என்றால் புதுக்கடை நீதிமன்ற வளாகத்தில் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. மனித உரிமைகள் ஆணைக்குழுவின் அவசர இலக்கம் 1996. இவை இரண்டையும் போனில் மட்டும் வைத்திருந்தால் பயனில்லை, போனைத்தானே எடுத்திருப்பார்கள். பேர்ஸுக்குள் ஒரு துண்டில் எழுதி வையுங்கள்.

படி 6: வர்த்தமானியைப் பாருங்கள், 14 நாளை எண்ணுங்கள்

இந்தப் படியைப் பெரும்பாலோர் தாண்டிப் போய்விடுவார்கள், எனக்கோ முக்கியமானதாகத் தெரிவது இதுதான். ஐரோப்பாவில் ஒரு சட்டம் எட்டு வருடம் நடைமுறையில் இருந்த பிறகும் நீதிமன்றம் தூக்கி எறிந்ததல்லவா? இங்கே அது நடக்காது. நம் அரசியலமைப்பின்படி, சட்டமூலம் பாராளுமன்றத்தில் நிறைவேறிச் சபாநாயகர் சான்றுப்படுத்திவிட்டால், அது செல்லுமா செல்லாதா என்று எந்த நீதிமன்றமும் பார்க்க முடியாது. கேட்பதென்றால் முன்னரே கேட்க வேண்டும். பாராளுமன்ற ஒழுங்குப் பத்திரத்தில் (சபையின் நிகழ்ச்சிநிரல்) சட்டமூலம் வைக்கப்பட்ட நாளிலிருந்து 14 நாளுக்குள் எந்தப் பிரசையும் உயர் நீதிமன்றத்துக்கு மனுச் செய்யலாம். நிகழ்நிலைக் காப்புச் சட்டமூலம் 2023 ஒக்டோபர் 3 இல் வைக்கப்பட்டபோது பலர் அப்படிப் போனார்கள். நீதிமன்றம் பல வாசகங்களைத் திருத்தச் சொன்னதும் அந்த மனுக்களால்தான்.

எனவே வர்த்தமானியை வெளியிடும் அரச அச்சகத் திணைக்களத்தின் இணையத்தளத்தை மாதம் இரண்டு தடவை திறந்து, சட்டமூலங்கள் என்ற பக்கத்தைப் பார்க்கும் பழக்கத்தை வைத்துக்கொள்ளுங்கள். தமிழிலும் இருக்கும். வாசிக்கும்போது தலைப்பில் மயங்காதீர்கள், தலைப்பில் எப்போதும் ‘பாதுகாப்பு’ இருக்கும். நேராகப் பொருள்கோடல் பிரிவுக்குப் போய் ‘தொடர்புத் தரவு’, ‘சேவை வழங்குநர்’ என்ற சொற்களுக்கு என்ன வரைவிலக்கணம் கொடுத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். ‘சேவை வழங்குநர்’ என்பதற்குள் உங்கள் போர்டிங்கும் கொமினிகேஷனும் விழுகின்றனவா? பிறகு நாலு கேள்வி: எல்லோருடையதையுமா, சந்தேக நபருடையதை மட்டுமா? எத்தனை மாதம்? கேட்கும்போது நீதவான் நடுவில் இருக்கிறாரா? கேட்டது பிறகு உங்களுக்குச் சொல்லப்படுமா? கடைசிப் பக்கத்தில், சிங்கள, தமிழ் உரைகளுக்கிடையே ஒவ்வாமை இருந்தால் சிங்கள உரையே மேலோங்கும் என்ற வரி இருக்கும். அதனால் சந்தேகமான வாசகத்தைச் சிங்களம் தெரிந்த நண்பரோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

படி 7: ஒரு தகவல் கோரிக்கை போடுங்கள்

2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி 3 முதல் நடைமுறையில் உள்ளது. தமிழில் எழுதலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று சொல்லத் தேவையில்லை. தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு கொழும்பு 8, எல்விட்டிகல மாவத்தையில் இருக்கிறது. அதன் ‘தகவல் அலுவலர்’ என்று விலாசமிடுங்கள்.

கோரிக்கையில் ஆதங்கம் எழுதாதீர்கள், ‘ஏன்’ என்று கேட்காதீர்கள். இருக்கிற ஆவணத்தைக் கேளுங்கள். நான் எழுதினால் இப்படித்தான் எழுதுவேன்:

“அனுமதிப்பத்திரம் பெற்ற தொலைத்தொடர்பு நிறுவனங்கள், வாடிக்கையாளர்களின் அழைப்பு விவரங்களையும் இணையத் தொடர்பு விவரங்களையும் எவ்வளவு காலம் வைத்திருக்க வேண்டும் என்பது தொடர்பாக ஆணைக்குழு வழங்கியுள்ள பணிப்புரை, சுற்றறிக்கை, அனுமதிப்பத்திர நிபந்தனை ஆகியவற்றின் பிரதிகள். 2023 ஜனவரி 1 முதல் 2024 டிசம்பர் 31 வரை இணையத்தளங்களை முடக்குமாறு நிறுவனங்களுக்கு விடுக்கப்பட்ட அறிவுறுத்தல்களின் எண்ணிக்கை, மாதவாரியாக.”

தேசிய பாதுகாப்பு என்று மறுப்பு வரலாம். அதனால்தான் பெயர் கேட்காமல் எண்ணிக்கை கேட்பது. மறுத்தால் அல்லது பதிலே வராவிட்டால் 14 நாளுக்குள் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு. அங்கும் சரிவராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்கு. அது பௌத்தாலோக மாவத்தை பண்டாரநாயக்க மாநாட்டு மண்டப வளாகத்தில் இருக்கிறது. அரசின் அனுமதிப்பத்திரத்தில் பொதுச் சேவை செய்யும் தனியார் நிறுவனங்களையும், அந்தச் சேவை அளவுக்கு, சட்டத்தின் வரைவிலக்கணம் உள்ளே இழுக்கிறது. ஆகவே இரண்டாவது கடிதத்தை உங்கள் சிம் நிறுவனத்துக்கே எழுதிப் பார்க்கலாம்.

கையில் கொடுத்தால் பெற்றுக்கொண்டதற்கான சிட்டை கேளுங்கள். தபாலில் என்றால் பதிவுத் தபால், பற்றுச்சீட்டைப் பிரதியோடு சேர்த்துக் குத்தி வையுங்கள். அலுவலர் முடிவு சொல்ல 14 வேலை நாள் இருக்கிறது. கலண்டரில் எண்ணும்போது சனி ஞாயிறோடு போயாவையும் கழித்துவிடுங்கள். வெசாக் மாதம் என்றால் இரண்டு நாள்.